கடல் சாமந்தி நகரும்

அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. பூந்தமல்லி போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த மையம். லிஃப்ட் உண்டு. முதல் நாள் அது வேலை செய்யவில்லை. படியேறித்தான் போனோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்த அக்கா, காத்திருக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியைத் தேடவில்லை. நேராகச் சுவர் ஓரம் போய் நின்றுவிட்டாள்.

அங்கே ஒரு மீன் தொட்டி இருந்தது. கூடத்தின் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு, நீல வெளிச்சத்தோடு. உள்ளே ஒரு பாறை. பாறையின் மேல் பழுப்பும் பச்சையும் கலந்த விரல்கள் கொத்தாக ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விரலின் நுனியும் சின்னக் குமிழாக உப்பியிருந்தது. நான் ஏதோ செடி என்று நினைத்தேன். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் அந்த விரல்களுக்குள் புகுந்து வெளியே வந்தன.

"கடல் சாமந்தி," என்றாள் அக்கா. "இருபத்தாறு வருஷமா போர்டுல வரையுறேன். உயிரோட இப்பதான் பாக்குறேன்."

அக்கா ஆவடியில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஒன்பது, பத்துக்கு அறிவியல்; பதினொன்று, பன்னிரண்டுக்கு விலங்கியல். அவள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் கடல் சாமந்தி ஒன்று உண்டாம். மருந்துத் தண்ணீரில் கிடந்து கிடந்து வேகவைத்த பூண்டு மாதிரி வெளுத்துச் சுருங்கிப் போனது. அதைக் காட்டித்தான் குழியுடலிகள் பாடம் நடத்தியிருக்கிறாள். விலங்கு என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பியதில்லை என்று பிறகு ஒருநாள் சொன்னாள்.

நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"நாலு மணி நேரம் நீ இங்கதானே உக்காந்திருப்ப? அத பாத்துகிட்டே இரு. என்ன பண்ணுதுன்னு வந்து சொல்லு."

"அது என்ன பண்ணப்போவுது?"

"ஒண்ணும் பண்ணாது. ஒட்டின எடத்துலயே இருக்கும். இருந்தாலும் பாரு."

அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, எனக்கு நாற்பத்தாறு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். சாப்பாடு மட்டும் கீழே எங்களோடு. ரத்தக் கொதிப்பு அவளுக்குத் தெரியாமலேயே பல வருஷம் இருந்திருக்கிறது. கால் வீங்கி, பள்ளியில் மயங்கி விழுந்த பிறகுதான் பரிசோதித்தார்கள். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தரம் பார்க்கிறவன். கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்கி வைப்பது என் வேலை. அக்காவுக்காக மாலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு அவளை மெஷினில் போட்டால் பதினொன்றுக்கு மேல் வெளியே வருவாள். அதுவரை நான் அந்தத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது வாரம் அதைக் கவனித்தேன். பாறையில் வெள்ளைக் கோடு மாதிரி ஒரு வெடிப்பு. முதல் நாள் கடல் சாமந்தி அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் இருந்தது. இப்போது கோட்டின் மேலேயே இருந்தது. அக்காவிடம் சொன்னேன். வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "நீ வேற நாற்காலியில உக்காந்திருப்ப," என்றாள்.

அடுத்த முறை பட்டறையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனேன். தொட்டியின் கண்ணாடி ஓரத்திலிருந்து அளந்தேன். வியாழக்கிழமை அளந்ததற்கும் சனிக்கிழமை அளந்ததற்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம். கூடத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமைதான் தொட்டிக்காரர் வந்தார். கையில் இரண்டு கேன், தோளில் ஒரு பை. சென்னீர்குப்பத்தில் மீன் கடை வைத்திருந்தார். வாரம் ஒருமுறை வந்து தொட்டியைப் பராமரித்துவிட்டுப் போவார். நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பா பாரிவாக்கத்தில் கூலிக்கு நடவு வேலை செய்தவராம். அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது என்றும், அதில் மூன்று வீட்டுக்குத் தொட்டி கழுவப் போகிறேன் என்றும் பின்னால் ஒருநாள் சொன்னார். வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை, சும்மா தகவலாகச் சொன்னார்.

நான் ஸ்கேலோடு நிற்பதைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே அளக்குற?" என்றார்.

"இது நகருதான்னு பாக்குறேன். எங்கக்கா டீச்சரு, அது நகராதுன்னு சொல்றா."

"நவுரும். எடம் புடிக்கலேன்னா நவுந்துகினே இருக்கும். அடியில பாதம் மாதிரி ஒண்ணு கீது. அத்த வச்சு வழுக்கிகினு போவும். வெளிச்சம் எங்க தோதா கீதோ, தண்ணி எங்க நல்லா ஓடுதோ, அங்க போயி குந்தும். வேற ஒரு ஊட்டுல நவுந்து நவுந்து மோட்டர் வாயாண்ட போயி மாட்டிகிச்சு. கந்தலா பூட்ச்சு. அதான் இங்க மோட்டருக்கு பஞ்சு சுத்தி வச்சிக்கிறேன்."

அக்கா வெளியே வந்திருந்தாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எங்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு என்ன குடுக்குறீங்க?" என்று கேட்டாள்.

"வாரத்துக்கு ஒருதபா எறா துண்டு, டீச்சர். வாயும் அதான், வெளிய துப்புறதும் அது வழியாதான். ஒரே ஓட்ட. ஆனா முக்கால்வாசி சோறு அதுக்கு வெளிச்சம்தான். ஒடம்புக்குள்ள பாசி வளத்துகினு கீது. பாசி சோறு பொங்கும், இது துன்னும். ஒடம்புக்கு ஆவலேன்னா அந்தப் பாசிய வெளிய தள்ளிட்டு வெள்ளையா பூடும்."

"அதெல்லாம் புக்ல இருக்கு. நகருறது மட்டும்தான் நாங்க நடத்துறதுல இல்ல," என்றாள் அக்கா. ஆட்டோ குமணன்சாவடி தாண்டும்போது, "எத்தனை பசங்களுக்கு ஒட்டின எடத்துலயே இருக்கும்னு சொல்லிக்குடுத்திருக்கேன்," என்றாள்.

அப்போதும் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து ஆவடிக்கு இன்னொரு பஸ். போகவேண்டாம் என்று என் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்தத் திங்கட்கிழமை அக்கா வகுப்புக்குப் போய், நான் இத்தனை நாள் சொன்னது தவறு, கடல் சாமந்தி இடம் மாறும், என் தம்பி அளந்து பார்த்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு மெஷினில் இருக்கும் நான்கு மணி நேரமும் போனில் கடல் சாமந்திகளைத் தேடிப் படிப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. இடது கையில் ஊசிகள். வலது கையில் போன். வெளியே வந்ததும் என்னிடம் காட்டுவாள். சந்நியாசி நண்டு குடியிருக்கும் சங்கின் மேல் ஏறிக்கொண்டு ஊர் சுற்றும் ஒரு வகை. நண்டு பெரிய சங்குக்குக் குடிமாறும்போது, பழைய சங்கிலிருந்து இதை மெதுவாகப் பெயர்த்துப் புதிய சங்கின் மேல் வைத்துக்கொள்ளுமாம். சுண்டுவிரல் நகம் அளவு நண்டு ஒன்று, கொடுக்குக்கு ஒன்றாக இரண்டு கடல் சாமந்திகளைப் பிடித்துக்கொண்டு எதிரியை மிரட்டும் படம் ஒன்று. உடம்பு முழுக்க மணலில் புதைந்து விரல்களை மட்டும் வெளியே விட்டிருக்கும் வகை. பனிக்கட்டிக்கு அடிப்பக்கம் தலைகீழாகத் தொங்கும் வகை. நட்சத்திர மீன் தொட்டால் பாறையை விட்டுவிட்டு உடம்பை இப்படியும் அப்படியும் வெட்டி நீந்தித் தப்பும் வகை.

"எலும்பு கிடையாது, மூளை கிடையாது," என்றாள் ஒருநாள். "உள்ள இருக்கிற தண்ணிதான் அத நிமுத்தி வச்சிருக்கு. தண்ணிய வெளிய விட்டா இத்தனூண்டு ஆயிடும். திரும்ப எவ்வளவு வேணுமோ அவ்வளவு குடிச்சுக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு அவளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். குழம்பு, மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதில் சேர்த்தி. என் மனைவி காய்கறியை வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி சமைப்பாள். உப்பு கிட்டத்தட்ட இல்லை. தாகம் தாங்காதபோது அக்கா ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொள்வாள். அந்தக் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒரு பெரியவர் மட்டும் எப்போதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தொட்டிக்கு முதுகு காட்டி உட்காருவார். அவ்வளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒன்றை இனி சொல்ல வேண்டும்.

டயாலிசிஸ் ஆரம்பித்த இரண்டாவது வாரமே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்காவின் ரத்த வகையும் என்னுடையதும் ஒன்றுதான். கூடப்பிறந்தவர் என்பதால் பொருந்த வாய்ப்பு அதிகம், விருப்பம் இருந்தால் பரிசோதனைக்கு வாருங்கள், கட்டாயம் எதுவும் இல்லை என்றார். சரி என்று சொன்னேன். வீட்டிலும் மனைவியிடம் சொன்னேன். "உங்க முடிவுதாங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்றாள். குரலில் எதுவும் தெரியவில்லை.

இரண்டு முறை அந்தப் பரிசோதனைக்கென்று வீட்டிலிருந்து கிளம்பினேன். முதல் முறை போரூர் வரை போய்விட்டு, ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது முறை ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். வாசலில் நின்று பட்டறைக்குப் போன் போட்டு அவசர வேலை ஏதாவது இருக்கிறதா என்று நானாகவே கேட்டேன். இருக்கிறது என்றார்கள். போய்விட்டேன். வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்; எனக்கு ஏதாவது ஆனால் என்ற யோசனை ஒரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயம்தான் பெரியதாக இருந்திருக்கும். டாக்டர் கேட்டபோதெல்லாம் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்று சொல்லிவந்தேன். அக்கா ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஆறாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடல் சாமந்தியின் உருவம் மாறியிருந்தது. வட்டமாக இருந்தது நீண்டு, நடுவில் இடுப்பு மாதிரி சிறுத்திருந்தது. ஒரு பாதி பாறையின் இந்தப் பக்கத்தையும் இன்னொரு பாதி அந்தப் பக்கத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. எட்டு மணிக்கு நடுவில் இரண்டு விரல் அகலம் இருந்தது. பத்தரைக்கு ஒரு கயிறு அளவு. மீன்கள் இரண்டும் எங்கே போவதென்று தெரியாமல் மேலே சுற்றின. நான் தொட்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"செத்துடுமோ?" என்று கேட்டேன்.

"சாவாது அண்ணாத்தே. ரெண்டா பிரியுது. நல்லா தின்னு கொழுத்தாலும் பிரியும், கஷ்டம் வந்தாலும் பிரியும். தானே கிய்ச்சுக்கும். அப்பால ரெண்டு பாதியும் தனித்தனியா புண்ணு ஆறி முழுசாயிடும். நீ தொடாத. லைட்ட கூட ஆஃப் பண்ணாதன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லு."

பதினொன்றேகாலுக்கு அந்தக் கயிறு அறுந்தது. சத்தம் எதுவும் இல்லை. இரண்டும் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, கிழிந்த பக்கம் சுருண்டு, பாறையின் இரண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தன. ஐந்து நிமிஷம் கழித்து அக்கா வந்தாள். அன்றைக்கு ரத்த அழுத்தம் இறங்கி, சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். தொட்டியைச் சரியாகப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. ஆட்டோவில் போகும்போது நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"ரெண்டும் நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"சுருங்கிப்போய் இருக்கு. புண்ணு ஆறணுமாம். ஆறிட்டா ரெண்டும் முழுசாயிடுமாம்."

அக்கா வெளியே பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன நெனைக்கிறேன்னு தெரியுது," என்றாள். "அதுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லடா. அது கிழிச்சுக்கலாம்."

என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வார்த்தைதான் என்னைப் பரிசோதனைக்கு அனுப்பியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. அதற்குப் பிறகும் ஐந்து வாரம் நான் போகவில்லை.

அந்த ஐந்து வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போனோம். தொட்டிக்காரர்தான் அழைத்துக்கொண்டு போனார். உப்புக் கலந்து தண்ணீர் தயாரிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், பல வருஷம் அங்கேயிருந்துதான் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். பாறையில் கடல் சாமந்தி உண்டு என்று பேச்சுவாக்கில் சொன்னதை அக்கா பிடித்துக்கொண்டாள். தண்ணீர் இறங்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, விடிந்ததும் அவருடைய லோடு வண்டியில் கிளம்பினோம். அக்கா முன்னால், நான் பின்னால் கேன்களோடு.

பாறைகள் பாசி பிடித்து வழுக்கின. அக்காவின் இடது கையில் ஊசி ஏற்றுவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்தக் கையில் அடி படக்கூடாது. அதனால் வலது கையை நான் பிடித்துக்கொண்டேன். தொட்டிக்காரர் முன்னால் போய், காலால் தடவிப் பார்த்து, மிதிக்கத் தகுந்த கல்லாகக் காட்டினார். இருபது அடி நடக்க கால் மணி நேரம் ஆனது.

பாறையிடுக்கில் தேங்கியிருந்த நீரின் விளிம்பில் அவர் குனிந்தார். "இதோ கீது பாரு டீச்சர்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. புளியங்கொட்டை நிறத்தில் வழவழவென்று ஒரு உருண்டை. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் மூன்று நான்கு. மேலெல்லாம் மணலும் சங்குத் துகளும் ஒட்டியிருந்தன. தண்ணீர் இறங்கிவிட்டதால் விரல்களை உள்ளே இழுத்து மூடிக்கொண்டிருக்கிறது, வெயிலில் காய்ந்துபோகாமல் இருக்க மணலைப் போர்த்திக்கொள்ளும் என்றாள் அக்கா. நீருக்கு அடியில் இருந்த ஒன்று மட்டும் விரிந்திருந்தது. ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பூ மாதிரியும் இல்லை. சாம்பல் நிறத்தில் மெலிசாகச் சில விரல்கள். தொட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அக்கா உட்கார வேண்டும் என்றாள். ஈரப் பாறையில் என் துண்டை விரித்தேன். உட்கார்ந்து, ஆள்காட்டி விரலைத் தண்ணீருக்குள் விட்டு அந்த மெல்லிய விரல்களின் மேல் வைத்தாள். அவை சட்டென்று மடங்கி அவள் விரலைப் பிடித்துக்கொண்டன.

"ஒட்டுது," என்றாள். "பசை மாதிரி இருக்கு. பசை இல்ல இது. கொட்டுது. ஆயிரக்கணக்குல ஊசி விடுது. நம்ம தோலு தடிமனா இருக்கிறதால நமக்கு ஒட்டுற மாதிரி தெரியுது."

"அரிக்கும் டீச்சர், எடுத்துடு," என்றார் தொட்டிக்காரர்.

"இருக்கட்டும். எனக்கு ஊசி புதுசா?"

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன நினைத்தாள் என்று தெரியாது. பிறகு விரலை மெதுவாக, அதற்கு வலிக்காத மாதிரி விடுவித்து எடுத்தாள். அலை ஒன்று பெரிதாக வந்து அவள் புடவையை நனைத்தது. "இவ்வளவு வருஷமா மெட்ராஸ்ல இருந்துகிட்டு, பஸ் ஏறினா வந்துடுற எடத்துல இது இருந்திருக்கு. ஒருதரம் பசங்கள கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் வண்டியிலேயே தூங்கிவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இன்னும் பல நாள் வரச்சொன்னார்கள். எல்லா நாளும் போனேன். கடைசியில், பொருந்துகிறது, உங்கள் இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். அன்று மாலை மாடிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல அங்க சொல்லு," என்றாள். அப்புறம் என் முன்கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிப் போய் மனைவியிடம் சொன்னேன். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் அக்காவின் இதயத்தைப் பார்த்தார்கள். வீங்கியிருந்தது, சரியாகச் சுருங்கி விரியவில்லை. இந்த நிலையில் மயக்க மருந்து தாங்காது, மூன்று மாதம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அக்கா அறையை விட்டு வெளியே போன பிறகு நான் அவரிடம் கேட்டேன். "ஆறு மாசத்துக்கு முன்னாடியே நான் வந்திருந்தா?"

"அப்பவும் கொஞ்சம் வீக்கம் இருந்துச்சு. இவ்வளவு இல்ல. பண்ணியிருக்கலாமா, முடியாதான்னு இப்ப சொல்ல முடியாது. அத யோசிக்காதீங்க," என்றார்.

மூன்று மாதத்தில் இரண்டு மாதம்தான் ஓடியது. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து, ஞாயிறு வழக்கம்போல இருந்தாள். மாலையில் மூச்சு கொஞ்சம் வாங்குகிறது என்றாள். ஆஸ்பத்திரி போகலாமா என்றதற்கு, செவ்வாய்க்கிழமை போகத்தானே போகிறோம் என்றாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, மாடியிலிருந்து டிபனுக்கு வரவில்லையே என்று என் மனைவி போய்ப் பார்த்தாள். பள்ளிக்குக் கட்டிக்கொள்ள எடுத்த புடவையை மடியில் போட்டபடி கட்டிலில் சாய்ந்திருந்தாள். உடம்பில் சூடு இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நாடி பார்த்துவிட்டு ஏற்றிக்கொள்ளவில்லை.

பள்ளியிலிருந்து இரண்டு பஸ்ஸில் பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் தெரு கொள்ளவில்லை. தொட்டிக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து, கடைசிவரை எங்களோடு நின்றார். மயானத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு நான் இன்னா சொல்றது அண்ணாத்தே," என்றார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போரூர் டீக்கடை, ஆஸ்பத்திரி வாசல், பட்டறைக்கு நானே போன் போட்டது.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க போகலேன்னு தெரியும். ஊசி போட்டுட்டு வந்தா கையில பிளாஸ்திரி இருக்கும்ல. ரெண்டு தடவையும் பாத்தேன். இல்ல. கேட்டிருக்கலாம். கேட்டா நீங்க நெஜமாவே டெஸ்டுக்குப் போயிடுவீங்கன்னு கேக்கல." தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுங்க. அண்ணிக்கு சோறு போடும்போதெல்லாம் அவங்க மூஞ்சிய பாக்க முடியாம இருந்தேன்."

அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். குழாயடியில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, அவள் கழுவிக் கொடுத்த பாத்திரங்களைத் துடைத்து வைத்தேன். அன்றைக்குப் பட்டறைக்குப் போகவில்லை.